அட்டையில் எழுதாதீங்க!

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகே பழைய காமிக்ஸ் விற்கிறவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா. பக்கங்களை எண்ணி, கடல் காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் தரம் சொல்வார். காமிக்ஸ் சேகரிக்கிற என்னைவிடக் கறார். ஒரே குறை, அந்தத் தரத்தை அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுவார். எழுதிய நொடியில் புத்தகத்தின் தரம் இறங்கிவிடும்!

நாற்பத்தெட்டு இதழ்கள் கொண்ட தொடரில் என்னிடம் நாற்பத்தேழு இருந்தன. விடுபட்ட முப்பத்தொன்றாம் இதழ் போன மாதம் அவர் கையில் இருந்தது. அறுபத்து நான்கு பக்கமும் சரி. துரு இல்லை, கீறல் இல்லை. அவர் பேனாவைத் திறந்தார்.

“அட்டையில எழுதாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

“இன்னா பெர்சு, பேஜாரு பண்ற? மார்க்கு போடாம எப்டி குடுக்கறது?”

இடது கையால் புத்தகத்தைப் பற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை நீட்டினேன். “இதுல போடுங்க!”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முழுக் கவனத்தோடு ‘ஒண்ணாம் நம்பர்’ என்று என் உள்ளங்கையில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

“தண்ணி படாம வச்சிக்க நைனா. அழிஞ்சா நா பொறுப்பில்ல.”

எழுபத்திரண்டு வயதில், மூன்று நாள், ஒன்பது வேளையும் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.