வெயிட்டு வள்ளியும் நர்ஸ் வள்ளியும்

போன ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் ஒரு மண்டப வாசலில் நான் திருதிருவென்று விழித்த விழி இருக்கிறதே... எதிரிக்கும் வரக் கூடாது.

எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா. பளு தூக்கி மெடல் வாங்கிய பள்ளிப்பட்டுக் கல்லூரிப் பெண் வள்ளிக்குப் பாராட்டு. அழைப்புப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என்னுடையது.

முருகன் மலையைச் சுற்றி வாழ்கிறோம், வள்ளிக்குப் பஞ்சமா? தெருவுக்கு நாலு பேர். அதனால் வேலையைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள் — கண்டக்டர் வள்ளி, பிரசிடெண்ட் வள்ளி. இந்தப் பெண் வெயிட்டு வள்ளி. பத்திரிகையில் அப்படிப் போட்டால் மரியாதையாக இருக்குமா? நான்தான் மேதாவி ஆயிற்றே... 'சாதனைப் பெண் மு. வள்ளி, பள்ளிப்பட்டு' என்று கௌரவமாக அச்சடித்தேன். ஷீல்டிலும் அதேதான். பெண் வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, பத்திரிகையைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அவர் தனக்குத் தெரிந்த மு. வள்ளியிடம் கொடுத்துவிட்டார்.

விழா அன்று இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. பட்டுப் புடவையில் எழுபது வயது அம்மா ஒருவர்; பின்னால் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். திருத்தணி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ரிட்டயர் ஆனவர். இப்போது பள்ளிப்பட்டில் மகள் வீட்டோடு இருக்கும் நர்ஸ் வள்ளி.

"வேலைல இருந்த வரைக்கும் ஒருத்தரும் கூப்ட்டு ஒரு சால்வ போட்டதில்லீங்க. நீங்கதான் ஞாபகம் வெச்சிகினு கூப்ட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருப்பது ஒரே ஷீல்டு. பேரன் பேத்தி முன்னால் 'நீங்கள் இல்லையம்மா' என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குள் வெயிட்டு வள்ளியும் தன் அம்மாவுடன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவர்களை ஓரமாக அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். நர்ஸம்மா என் பின்னாலேயே வந்தது எனக்குத் தெரியாது.

"பரவால்லீங்க. கொழந்தைக்கே குடுங்க. நான் பின்னால குந்திகினு பாக்கறேன்" என்றார். முகம் வாடிப்போயிருந்தது.

வெயிட்டு வள்ளியின் அம்மா அவரையே உற்றுப் பார்த்தார். சட்டென்று கையைப் பற்றிக்கொண்டார்.

"இவங்கள தெரியாதாங்க எனக்கு? இவ பொறந்தப்ப மூச்சே இல்ல. இவங்கதான் வாரிகினு டாக்டருகிட்ட ஓடுனாங்க. சாமி பேருன்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க. நான் வெச்சது இந்த நர்ஸம்மா பேரு."

வெயிட்டு வள்ளி நர்ஸம்மாவின் பக்கம் திரும்பினாள். "பேரே உங்களுது. அப்ப ஷீல்டும் உங்களுதுதான்."

மேடையில் அவளே அதை எடுத்துக் கொடுத்தாள். பித்தளை ஷீல்டு, நல்ல கனம். "நர்ஸம்மா, வெயிட்டா கீது. நானும் ஒரு கை புடிச்சிக்கறேன்" என்றாள்.

"ஒன்னையே தூக்கிகினு ஓடுனவ நானு. இத தூக்கமாட்டனா?"

மண்டபமே சிரித்தது. எனக்கோ கண்ணில் தண்ணீர்... சந்தோஷத்தில்தான்.

பளு தூக்குவதில் எங்கள் பக்கத்து முதல் மெடல் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது!