டிரைவரின் தங்கச்சி பையன்

புலித்தலை பார்க்கத்தான் போனோம். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவில், துரை ஒருவர் சுட்ட புலியின் தலையைச் சுவரில் மாட்டியிருப்பதாக என் சிநேகிதன் ஏழுமலை வருஷம் முழுக்க வகுப்பில் அளந்துகொண்டிருந்தான். அவனுடைய அப்பா வனத்துறையில் ஜீப் டிரைவர். பங்களாக் காவல்காரருக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோன ஒரு சனிக்கிழமை, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

போளூர் தாண்டியதும்தான் விஷயத்தைச் சொன்னார். வெளியாட்களை ஏற்றியதற்காக ஏற்கெனவே மெமோ வாங்கியவர் அவர். மறுபடி மாட்டினால் வேலை போய்விடும். சொந்தக்காரப் பிள்ளைகள் என்றால் கண்டுகொள்ள மாட்டார்களாம்.

“பெரிய ஐயா இன்னிக்கு வேலூர்ல மீட்டிங். இருந்தாலும் எவனாவது கேட்டா, நீ என் தங்கச்சி பையன். சரியா கண்ணு?”

பலமாகத் தலையாட்டினேன்.

பங்களா என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. ஹாலுக்குள்ளேயே குளிர்காய ஓர் அடுப்பு, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கை நீண்ட சாய்வு நாற்காலி. புலியைத்தான் காணோம். சுவரில் ஒரு மான்கொம்பு, அதில் குளவிக்கூடு. ஏழுமலை அசரவில்லை. புலி பக்கத்து அறையில் இருக்கிறது, சாவி துரையோடு லண்டன் போய்விட்டது என்றான். அதுவும் சரிதான் என்று நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து துரையானோம்.

நான் துரையாக இருந்த சமயம் பார்த்து வாசலில் இன்னொரு ஜீப் வந்து நின்றது. வேலூரில் இருக்கவேண்டிய அதிகாரி இறங்கினார். ஏழுமலையின் அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

“யாருய்யா இந்தப் பசங்க?”

“இவன் என் மகன்ங்கய்யா. அவன் தங்கச்சி பையன்ங்கய்யா.”

அதிகாரி என் பக்கம் திரும்பி, பேரென்ன என்று கேட்டார்.

வினை அங்கேதான் வந்தது. நான் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. அந்த வருஷம்தான் பூணூல் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் கேட்டால் வெறுமனே பேரைச் சொல்லக்கூடாது என்று அப்பா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியிருந்தார். கேள்வி விழுந்ததும் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. குனிந்து நின்று, ‘அபிவாதயே’ தொடங்கி ரிஷிகள், கோத்திரம், வேதம், கடைசியில் என் பேர்வரை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, அவருடைய பூட்ஸுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. அப்பா பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

எழுந்து பார்த்தால், ஏழுமலையின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயால் இவருடைய வேலை போகப்போகிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சற்று நேரம் மான்கொம்பையும் பார்த்தார்.

“உன் தங்கச்சி பையன் மந்திரமெல்லாம் ஜோரா சொல்றான்யா. இருட்டறதுக்குள்ள தங்கச்சி வீட்ல வுட்டுடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன உயிர் திரும்பி வந்தது. மலையிறங்கும்வரை ஏழுமலையின் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார், என்னைத் திரும்பிப் பார்ப்பார், மறுபடி சிரிப்பார். போளூரில் நிறுத்தி ஆளுக்கொரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் சோடா குடித்ததில்லை.

எங்கள் தெருமுனையிலேயே ஜீப்பை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வாங்க மாமா என்று கையைப் பிடித்து இழுத்தேன். “இன்னொரு நாளைக்கு வரேன் கண்ணு, நீ ஓடு” என்றார்.

அம்மா என்னை வாசற்படி தாண்ட விடவில்லை. சந்து வழியாகக் கொல்லைக்கு அனுப்பி, போட்டிருந்த துணியோடு தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். காட்டுப் பாதையில் அவ்வளவு புழுதி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏழுமலைக்கும் இந்நேரம் அவன் அம்மா இப்படித்தான் ஊற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.