கத்தினேன், எழுதி வைக்கவில்லை

வோபர்ன் பகுதியில் மருந்துக்கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர் மேரி அன்ரியின் மூட்டுவாத ஊசிக்குப் பணம் கேட்டு நான் அனுப்பிய கோரிக்கையை, அவரது காப்புறுதிக்கான மருந்துத் திட்டத்தை நிர்வகிக்கும் நிறுவனம் நிராகரித்தது. நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். "தபாலில் மருந்து அனுப்பும் எங்கள் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும்" என்றாள் ஒருத்தி. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு போனை வைத்தேன்.

தபாலில் வர வேண்டிய ஊசி ஒரு வாரம் பிந்தியது. "விரல் மடக்கேலாமக் கிடக்குப் பிள்ளை" என்று அன்ரி கடையில் அழுதார்.

கொதித்துப்போய், இப்படிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று, இந்த நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஒழுங்குமுறை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். "சொன்னது யார்? எப்போது?" என்றார்கள். என்னிடம் கோபம் மட்டுமே இருந்தது. "அப்படிச் சொல்லவேயில்லை" என்றது நிறுவனம். புகாரை மூடிவிட்டார்கள்.

இப்போது நிராகரிப்பு வந்ததும் அச்செடுக்கிறேன். பேசியவரின் பெயர், நேரம் குறிக்கிறேன். நோயாளியின் சம்மதமும் எழுத்தில் வாங்குகிறேன்.

அன்ரியின் அடுத்த ஊசியும் நிராகரிக்கப்பட்டபோது, அந்தக் குறிப்புகளோடு இரண்டாவது புகார் போயிருக்கிறது. மடங்காத அந்த விரல்களால்தான் அன்ரி அதில் கையெழுத்து வைத்தார்.