பதிச்ச கார்

எங்கள் படலைக்கு முன்னிருந்த மேட்டில் காரின் அடிவயிறு உரசும் சத்தம் கேட்டால், குசினியில் இருந்தபடியே உம்மா "காக்கா வந்திட்டான்" என்பார். கரண்டியால் சட்டியைச் சுரண்டுவது போன்ற அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். என் மூத்த சகோதரனான காக்காவுக்கோ அது கழுத்தில் மாலை விழுந்த மாதிரி.

எங்கள் கிழக்குக் கரையில் அந்தக் கார்களைப் "பதிச்ச கார்" என்பார்கள். பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கி, பாரம் தாங்கும் பின் ஸ்பிரிங் வில்லில் இரும்புப் பட்டைகளைக் கழற்றி, முன்பக்கத்தையும் அதற்கேற்ப இறக்கி, முகம் தெரியுமளவு பெயின்ற் அடித்து, நிலத்தோடு ஒட்டினாற்போல் ஓடவிடுவார்கள். யார் முதலில் தொடங்கியது என்று கேட்டால் நிந்தவூரானும் சாய்ந்தமருதானும் இன்றும் சண்டை பிடிப்பார்கள். ஏன் தொடங்கியது என்பதில் மட்டும் சண்டையில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி அவர் காலைக் கழுவி மோதிரம் வாங்குவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை சீற்றை விட்டு எழும்பாமலே காலை நீட்ட, அது நேரே தாம்பாளத்தில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் அது கார். ஓர் ஊரார் ஒரு பட்டையைக் கழற்றினால் அடுத்த ஊரார் இரண்டைக் கழற்றினார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்களோ இல்லையோ, குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்கள். "அழகு சோறு போடுமா?" என்று வாப்பா ஏசுவார், ஏசிவிட்டு, பின்னேரம் அசர் தொழுது வந்ததும் அவரே துணி எடுத்துக் காக்காவின் கார் பொனட்டைத் துடைப்பார்.

எங்கள் வீடு சம்மாந்துறைக்கு அப்பால் வயல் ஓரத்தில். மாரியில் வெள்ளம் றோட்டுக்கு மேலால் ஓடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கல்யாணங்கள் எல்லாம் அறுவடை முடிந்து, கையில் நெல்லும் காலடியில் காய்ந்த றோட்டும் இருக்கிற காலத்தில்தான் நடந்தன. ஆகவே காரைப் பதித்தவர்களில் ஒருவர்கூட மாரியை நினைக்கவில்லை. விதைப்புக்கு வானம் பார்க்கிற அதே ஆட்கள்தான்.

ஒரு மார்கழிக் காலையில் ராத்தாவுக்கு, என் ஒரே அக்காவுக்கு, வலி கண்டது. பல வருடம் நேர்ச்சை வைத்துத் தரித்த முதல் பிள்ளை. மருத்துவமாது வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "புள்ள குறுக்கால கிடக்கு, கெதியாக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். முன்வீட்டு மாமா உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணி, பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே மழைக்குப் படங்கும் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மெசின்ல குலுக்கிக் குலுக்கி என்ட தங்கச்சியக் கொல்லப் போறீங்களா? நான் பூப்போலக் கொண்டு போறன்," என்றார் காக்கா. அது பெருமைக்காக மட்டும் சொன்னதல்ல, பாசமும் இருந்தது. வாப்பா மழையில் நனைந்த மெசினைப் பார்த்தார், மின்னுகிற காரைப் பார்த்தார். "கார்லயே போவம்," என்றார்.

வயல் நடுவே றோட்டைத் தண்ணீர் மூடியிருந்தது. அப்படி ஒன்றும் ஆழமில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு லொறி சாதாரணமாகக் கடந்து போனது. எங்கள் கார் பாதித் தூரம் போனதும் இருமி நின்றுவிட்டது. தரைத் தகட்டின் இடுக்கால் தண்ணீர் கொப்பளித்து ஏற, வாப்பா ராத்தாவின் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்தார். காக்கா பொனட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி இன்ஜினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காக்கா, கார உடுங்க. என்னப் பாருங்க," என்றார் ராத்தா.

அதற்குப் பிறகுதான் காக்கா வந்த வழியே மெசினைக் கூப்பிட ஓடினார். மெசின் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரம் சென்றுவிட்டது. ராத்தா பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அல்லாட எழுத்து" என்றார்கள். ராத்தாவும் அதையே சொன்னார். பிறகு அவர் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

காக்கா காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் கதையைக் கேட்டு மற்ற எவரும் ஒரு பட்டையைத் திருப்பிப் பூட்டவில்லை. அந்த அறுவடைக்குப் பிறகும் போட்டி நடந்தது, எனக்கு அந்த ஊர்களையே கொளுத்தவேண்டும் போலிருந்தது. கடைசியில் உதிரிப்பாகம் கிடைக்காமல்தான் அந்தக் கார்கள் ஒழிந்தன. இப்போது கல்யாணம் மண்டபத்தில், மாப்பிள்ளை வருவது வாடகை வேனில். அண்மையில் எங்கிருந்தோ வந்த ஒரு பதிச்ச கார் கடைத்தெருவில் நின்றதாம். தாடி நரைத்த காக்கா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "வடிவாத்தான் இருக்கு," என்றார். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது.

போன மாரியில் ராத்தாவும் நானும் கல்முனைக்கு பஸ்ஸில் போனோம். றோட்டை உயர்த்தி மதகும் கட்டிவிட்டார்கள். வெள்ளம் ஏறுவதில்லை, கார் நின்ற இடம் எது என்றும் எனக்குப் பிடிபடவில்லை. அரிசி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்த ராத்தா, கதையை நிறுத்தாமல் செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் இறக்கினார்.