ஏழுமலையின் ஆர்டர் மாறிய கதை

டிபன் கடை வைத்தவர்களுக்கு, ஊரில் யாருக்கு என்ன பசி என்பது அவரவர் வீட்டாருக்கு முன்பே தெரிந்துவிடும். சக அவஸ்தைக்காரர்களே, கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கடை போட்டிருக்கும் நான் பட்டதையும் கேளுங்கள்.

மாவு மேல் பழி

செலியமேட்டு ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்தால் நாலு பரோட்டா நொடியில் காலியாகும். திடீரென்று ஒரே பரோட்டாவைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினார், நெஞ்சைத் தடவிக்கொண்டார். என் கடைக்கு வந்த அவமானம் என்று பரோட்டா மாஸ்டரைப் பிடித்துக் காய்ச்சினேன். அவர் ஒரு துண்டை மென்று பார்த்தார். "மாவுல ஒரு கொறையும் இல்லக்கா, அந்தாளு தொண்டையப் போய்க் கேளு."

கஞ்சிக்குத் தடை

அடுத்து இட்லிக்கு மாறினார். அதையும் சாம்பாரில் கரைத்தார். பிறகு வெறும் கஞ்சி. கேட்டால் வாயு என்று சோடா குடிப்பார். புகையிலை மட்டும் நிற்கவில்லை. சட்டையும் தொளதொளத்துப் போனது. டாக்டர் சீட்டைக் காட்டினால்தான் கஞ்சி என்று தம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். கடையே சிரித்தது. அவருக்கு வந்ததே கோபம்! "கஞ்சிக்கு சீட்டு கேக்குறியே, நீ இன்னா ரேஷன் கடையா நடத்துற?"

வரிசையாகச் சொன்னது

ரோஷத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். சில வாரம் கழித்து அவர் மனைவி அஞ்சலை வந்தாள். வாய் வழியாகக் கேமரா விட்டு, சதை எடுத்துச் சோதித்ததில் உணவுக்குழாயில் புற்றுநோயாம். கட்டி வளர வளர முதலில் கெட்டியானது சிக்கி நிற்கும், பிறகு குழைந்தது, கடைசியில் தண்ணீரும் இறங்காதாம். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து ஆபரேஷன் செய்யலாமாம். நான் அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எது எப்போ எறங்கலன்னு டாக்டரு கேட்டாரு, இவரு முழிச்சாரு. நீ எங்கிட்ட பொலம்புனத வெச்சு நான்தான்கா பரோட்டா, இட்லி, கஞ்சின்னு வரிசையா சொன்னேன்."

அரை இட்லி

பல மாதம் கழித்து ஒரு காலையில் ஏழுமலை பஸ்ஸை விட்டு இறங்கினார். புற்று இருந்த குழாயை வெட்டி, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். புகையிலையை விட்டாயிற்று. இனி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட வேண்டும். அரை இட்லி வைத்தேன். கடை மொத்தமும் அவர் தொண்டையையே பார்த்தது. மென்றார். விழுங்கினார். இறங்கிவிட்டது! மாஸ்டர் தோசைக்கல்லில் டங் டங்கென்று தட்டினார். எனக்குத் தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது. ஏழுமலை மட்டும் சாவகாசமாக எழுந்தார். "பெஞ்சுல என் எடத்த யாருக்கும் குடுக்காத, மீதி அரைக்கு பத்து மணிக்கு வரேன்."

ஒரே ஆளுக்கு ஒரு நாளில் ஆறு முறை இலை போட்டு, இத்தனை சந்தோஷமாக இடுப்பொடிந்த டிபன் கடைக்காரி இந்தக் கடலூர் சாலையில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.