சின்னவளின் பாத்தி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு "பிரேக் அக்கா" என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்காவின் கால் அதைவிட்டு இறங்கவே இறங்காது என்பது அங்கே படித்தவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு. அது பொய்யில்லை. ஆனால் அவளிடம் கற்றுக்கொண்ட யாரும் இதுவரை எதன்மேலும் கொண்டுபோய் மோதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இருக்க வேண்டியவளுக்குத்தானே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அதே கால் செருப்பை உதறிவிட்டு நேராக மண்ணில் இறங்கும். வாசற்கதவுக்கும் மதில்சுவருக்கும் நடுவில் கிடக்கிற இடம்தான் தோட்டம். அங்கே ஒரு காரை நிறுத்தினால் கதவைத் திறந்து இறங்க முடியாது, அவ்வளவுதான் அகலம். அதற்குள் செம்பருத்தி, சாமந்தி, ரோஜா, கல்வாழை, சுவரில் ஏறும் சங்குப்பூ என்று அடைத்துவைத்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பக்கத்து வீட்டுத் தையற்காரி மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, "குழந்தை வந்துட்டா இதெல்லாம் ஒரு பக்கம் காயும், நீ பாத்துக்கிட்டே இரு" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டு, மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

குழந்தை வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஒரு செடியும் காயவில்லை. பெரியவன் தவழ ஆரம்பித்ததும் முள் குத்தும் ரோஜாத் தொட்டிகள் மதில்மேல் ஏறின. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற வயசு வந்ததும் அரளியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். அதன் பால் உடம்புக்கு ஆகாது. கைக்குழந்தையைத் துணிக்கூடையில் உட்காரவைத்து நிழலில் வைத்துவிட்டுக் களை எடுத்தாள். பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்தான்: செடியில் இருக்கிற பூ அம்மாவுக்கு, கீழே விழுந்த பூ அவர்களுக்கு. ஒருநாள் செம்பருத்தியின் அடியில் பூக்கள் குவிந்து கிடந்தன. "காத்து அடிச்சுச்சும்மா" என்றான் பெரியவன். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. அவளுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியவனுக்கு ஏழு வயசும் சின்னவளுக்கு ஐந்தும் ஆனபோது ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுத்தாள். பெரியவன் சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டான். சின்னவள் தன் பாலர் பள்ளி வாசலில் பொறுக்கிய கல்வாழை விதை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கறுப்பாக, உருண்டையாக, இரும்புக் குண்டு மாதிரி இருந்தது.

"இது முளைக்காதுடி கண்ணு. கல்வாழையைக் கிழங்கு வெச்சுத்தான் வளர்ப்பாங்க."

"எனக்கு இதுதான்."

"சாமந்தி வெச்சுக்கோயேன். சீக்கிரம் பூக்கும்."

"இதுதான்."

பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. விதையைப் புதைத்தார்கள்.

சூரியகாந்தி கிடுகிடுவென்று ஏறிப் பெரியவனின் இடுப்பைத் தொட்டது. பக்கத்தில் சின்னவளின் பாத்தி வெறும் மண்ணாகவே கிடந்தது. தினமும் காலையில் பள்ளிக்குப் போகுமுன் அவள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பாள். அம்மா கூப்பிட்டால் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வருவாள். ஏங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது குழந்தை என்று அக்கா நினைத்தாள். ஒருநாள் சாயங்காலம் பெரியவன் தன் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டே, "உன்னோடது செத்துப்போச்சு" என்று அறிவித்தான். சின்னவள் தன் வெறும் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் வீட்டுக்கு ஓடிவந்தாள். தன் கல்வாழைப் புதரிலிருந்து ஒரே ஓர் இலை சுருண்டு நிற்கிற சின்னக் கிழங்கைப் பிரித்தாள். சின்னவளின் பாத்தியைத் தோண்டி, எடுத்த மண்ணை மூலையிலிருந்த மண்குவியலில் கொட்டிவிட்டு, கிழங்கை நட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிற அவள் கணவன் அன்றைக்கு மதியம்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது. தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம். முளைக்கலைன்னா முளைக்கலைன்னு அவ தெரிஞ்சுக்கட்டும்."

"அவ அஞ்சு வயசுக் குழந்தைங்க."

"கார்ல எப்ப மிதிக்கணும், எப்ப விடணும்னு உனக்கு அத்துப்படி. வீட்டுல மட்டும் எதுக்கு எடுத்தவுடனே மிதிக்கிற?"

"நீங்க டீயைக் குடிங்க" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். ஈரமண்ணைத் தட்டிச் சமப்படுத்தினாள். யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவள் கைவேலையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மதியம் பிள்ளைகளை அழைத்து வந்தாள். பெரியவன்தான் முதலில் பார்த்தான். "ஏய், உன்னோடது வந்துடுச்சுடீ!" என்று குதித்தான்.

"அடடே!" என்றாள் அக்கா, வாயில் கை வைத்து. நடிப்பு அவளுக்குக் கொஞ்சமும் வராது.

சின்னவள் குந்தி உட்கார்ந்து அந்தச் சுருட்டை இலையைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது என்னோடது இல்ல."

"உன்னோடதுதான் கண்ணு. உன் பாத்தியிலதானே இருக்கு?"

"என்னோடதுக்குக் காலையிலதான் பல்லு முளைச்சுச்சு."

"எதுக்குப் பல்லு?"

"விதைக்கு. நான் தினமும் தோண்டிப் பாப்பேன். பாத்துட்டு மூடிடுவேன். இன்னைக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு பல்லு வந்திருந்துச்சு."

அக்கா மூலையிலிருந்த மண்குவியலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் செடி வளர்த்தவள், முளைவிட்ட விதையை மண்ணோடு அள்ளி எறிந்திருக்கிறாள். அதையும் முளைக்காது என்று அடித்துச் சொல்லிவிட்டு எறிந்திருக்கிறாள்.

"நீயாம்மா இதை வெச்ச?"

காக்கா கொத்திப் போட்டது, மழையில் அடித்து வந்தது என்று சொல்லிவிடலாம். குழந்தை நம்பினாலும் நம்பும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமா. நான்தான்."

"முளைக்காதுன்னு நினைச்சியா?"

"ஆமாடா."

சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானப்படுத்தியிருக்கலாம். குழந்தை அழவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அக்கா எழுந்து உள்ளே ஓடினாள். ஓட்டுநர் பள்ளிக்கு போன் போட்டு மதிய வகுப்புக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். பழைய போர்வையைத் தரையில் விரித்து, மூலையிலிருந்த மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டி, மாவுச் சல்லடையை எடுத்துவந்து சலிக்க ஆரம்பித்தாள். மூன்று பேரும் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். பெரியவன் நிமிஷத்துக்கு ஒருமுறை "இதுவா?" என்று கத்தினான். ஒருதடவை அது கூழாங்கல், ஒருதடவை உடைந்த பொத்தான், ஒருதடவை அவனே என்றைக்கோ துப்பிய ஏதோ பழக்கொட்டை. முதல்நாள் செத்துப்போச்சு என்றவன் இப்போது மற்ற இருவரையும்விட மும்முரமாகத் தேடினான். சல்லடையின் கம்பி அந்த வெள்ளை முளையை உரசி உடைத்துவிடுமோ என்று பயந்து, அக்கா சல்லடையைத் தள்ளி வைத்துவிட்டு விரலாலேயே மண்ணைப் பிரித்தாள். கிடைக்கவில்லையென்றால் இந்தப் பிள்ளை இனி தன்னை நம்பி எதையும் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. பிரேக் அக்காவுக்கு அப்படியொரு பயம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"இங்க இருக்கு" என்றாள் சின்னவள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

அவள் உள்ளங்கையில் கறுப்பு விதை உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் வெள்ளை முளை. பல்லேதான். உடையவில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்கத்தில் கை தானாக நீண்டது.

சின்னவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "நீ தொடாத."

"சரி, தொடல."

"உன்னோடதை எடுத்துக்கோ."

அக்கா தன் கிழங்கைப் பிடுங்கி ஒரு தொட்டியில் போட்டாள்.

"இப்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அவள் மதில்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் சின்ன விரல்கள் மண்ணைப் பறிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப ஆழமாக வைக்காதே, பல் கீழே போகட்டும், மேலே அழுத்தாதே என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்வதெல்லாம் சரியாகவும் இருந்திருக்கும். அத்தனையையும் விழுங்கினாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இப்படி ஒருத்தியைப் பெற்றோமே என்று பெருமையாக இருந்தது.

"திரும்பலாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள் சின்னவள்.

அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.