விக்கலுக்குச் சொன்ன பொய்கள்

"மாப்ள, ஒம் பந்தல் சாஞ்சிருச்சு" என்று கத்திக்கொண்டே பக்கத்துத் தோட்டக்காரர் அக்கா வீட்டுக்குள் நுழைந்த காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சை போட்டவரிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை அது. கல்தூணும் கம்பியும் சாய்ந்தால் கொடியும் குலையும் மண்ணோடு போயிற்று என்று அர்த்தம். கட்டிலில் விக்கிக்கொண்டு கிடந்த மச்சான் துண்டைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினார். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் கால் மடங்கித் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். "விக்கல் நிக்கட்டும்னு பொய்யாச் சொன்னேன் மாப்ள" என்று அந்த மனிதர் அழாத குறையாக அவரைத் தூக்கி வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாற்றைத் தேடினேன். ஆனால் பாருங்கள், விக்கல் நின்றிருந்தது. அரை மணி நேரம் வரவே இல்லை.

மச்சான் என் அக்காளின் கணவர். எண்பதுகளின் தொடக்கம் அது. அவருடைய வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். புற்றுநோய்தான் என்று உறுதியான அன்று டாக்டர் அக்காவையும் என்னையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் வராந்தாவிலேயே அக்கா என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவுகளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு விட்டுருவாக. சத்தியம் பண்ணுடி" என்றாள். பண்ணினேன். அந்த நாளில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வயிற்றுப் புண் என்று பெயர்.

பாட்டிலைத் தொங்கவிட்டு நரம்பு வழியாக மருந்தை ஏற்றி, அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வந்த மறுநாளே விக்கல் பிடித்துக்கொள்ளும். மருந்தினால் வருவதுதான், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லி மாத்திரையும் கொடுத்திருந்தார். மாத்திரை போட்டால் மச்சான் தூங்கினார், தூக்கத்திலும் விக்கினார். விக்கல் என்றால் சாப்பிடும்போது நமக்கு வந்து போகிறதே, அது இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் உலுக்கும். விலா எலும்பெல்லாம் நோகும். ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் அரை வாய் வெளியே வரும். நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. அக்கா ஏழு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள், நாக்கடியில் சர்க்கரை வைத்தாள், மயிலிறகைச் சுட்டுத் தேனில் குழைத்து நக்கக் கொடுத்தாள். எதற்கும் மசியவில்லை.

பந்தல் பொய்க்கு விக்கல் அரை மணி நேரம் நின்றது என்ற சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு இடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடு கிணற்றில் விழுந்தது, மழையில் திராட்சைக் குலையெல்லாம் வெடித்தது, மகன் பத்தாம் வகுப்பில் பெயில். நாலாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் மச்சானே முந்திக்கொண்டு, "என்னப்பா, பெரியாத்துத் தண்ணி நின்னுபோச்சா?" என்று கேட்டார். வந்தவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு எந்தப் பொய்யும் பலிக்கவில்லை.

தேனி தபாலாபீஸில் எனக்கு வேலை. லீவு போட்டுவிட்டு அக்காவுக்குத் துணையாக இருந்தேன். ஒரு மத்தியானம் அக்கா மாத்திரை வாங்க டவுன் பஸ்ஸில் கம்பம் போயிருந்தாள். விக்கல் தொடங்கி மூன்றாம் நாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கரண்டியும் அவர் சட்டையில்தான் போயிற்று. "விட்டுரு புள்ள" என்று அவர் முகத்தைத் திருப்பியபோது கண் ஓரத்தில் தண்ணீர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என் வாய்க்கு என்றைக்குமே பூட்டுக் கிடையாது. பெரிய அதிர்ச்சியாக ஒன்றைச் சொல்வோம், விக்கல் நின்றதும் சும்மா சொன்னேன் என்று மழுப்பிவிடுவோம் என்று அந்த நேரத்தில் தோன்றிய புத்தியை என்னவென்று சொல்ல?

"மச்சான், ஒங்களுக்கு வயித்துப் புண்ணு இல்ல. புத்துநோய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். விக்கினார். மறுபடியும் விக்கினார். கொஞ்சங்கூட மாறாமல் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பொய் மச்சான், பொய் என்று பதறினேன்.

"இதுக்கு நிக்காது புள்ள," என்றார், விக்கலுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக. "தெரிஞ்ச சேதிக்கு எப்பிடி நிக்கும்?"

மருந்து ஏற்றும் இடத்தில் வரிசையாகப் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன நோவு என்று முதல் நாளே கேட்டுவிட்டாராம். அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம்; எல்லாருக்கும் அதே நோவு, அதே மருந்து. "ஊர்க்காரன் கேக்காம இருப்பானா?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அக்காகிட்டச் சொல்லிறாத. எனக்குத் தெரியாமப் பாத்துக்கிறதுதான் அவளுக்குப் பிடிமானம். அதையும் எடுத்துட்டா ஒடஞ்சு போயிருவா."

கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவர் விக்கிக்கொண்டே என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சாயங்காலம் அக்கா வந்து, "புண்ணு ஆறுனதும் விக்கலும் போயிரும்" என்று சொன்னபோது, "ஆமா, ஆறிக்கிட்டுத்தான் வருது" என்றார். அடுத்த தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

அக்காவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. திராட்சைத் தோட்டத்தை மகன் பார்க்கிறான். விக்கலுக்கு இப்போது இன்னும் நல்ல மருந்தெல்லாம் இருக்கிறது என்கிறார்கள்; நோயாளியிடம் நேராகவே பேசிவிடுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். போன வாரம் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். எப்போதும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டாள்.

"நான் வேற எதுல கொறை வச்சிருந்தாலும், அவுக சாகுற வரைக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன்லடி?"

"ஆமாக்கா" என்றேன்.